பட்டை உயரமாக இருந்தால் போதுமா? கடைக் கணக்கை வகைபிரித்து ஒப்பிடும் படங்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இப்போது மளிகைக் கடைக்காரரும் 'டேஷ்போர்டு' என்கிறார், அதாவது கணக்கைப் படங்களாகக் காட்டும் கணினித் திரை. கல்லாவில் இருக்கும் கணினி பில் போடுகிறது. மாதக் கடைசியில் ஒரு பொத்தானை அமுக்கினால் வண்ண வண்ணமாகப் படம் வருகிறது. யாராவது அதை வாட்ஸ்அப்பில் போட்டு, "இந்த மாசம் அரிசிதான் நம்பர் ஒன்" என்று எழுதுகிறார்கள். அடுத்த மாதச் சரக்குக் கொள்முதலும் அந்தப் படத்தை வைத்தே நடக்கிறது. எதில் நம்பர் ஒன், எப்படிக் கூட்டியதில் நம்பர் ஒன் என்று கேட்பவர் குறைவு. கம்ப்யூட்டர் போட்ட கணக்கு தப்பாகுமா என்ற நம்பிக்கைதான்.

கம்ப்யூட்டர் கூட்டுவதில் தப்பு வராது. எதைக் கூட்டச் சொன்னோம் என்பதில்தான் வரும். கணக்கைப் படமாக்கும் மென்பொருள்களான டாப்லோ, பவர் பிஐ, லுக்கர் ஸ்டூடியோ, எக்செல்லில் வரிகளை வகைப்படி சுருக்கிக் காட்டும் பிவட் டேபிள் என்று எதை எடுத்தாலும் உள்ளே நடக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ளக் கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைக் கடையை வைத்துக்கொள்வோம். பட்டணத்துக் கடைத்தெருவில் ஒரு கிளை, தோட்டத்துச் சாலையோரம் சின்னதாக இன்னொரு கிளை. எல்பில், ஹீவுட், கமுனிங் தோட்டங்களின் பக்கத்து ஆட்கள் வந்துபோகிற கடை. கீழே வரும் விற்பனைக் கணக்கெல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை.

கிராணியின் செக்ரோல்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் தெரியும், ஆட்களின் அன்றாட வேலையைக் குறிக்கும் பதிவேடு. ரப்பர் காலத்தில் பால் நிறுக்கும்போது கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுவார்: இன்ன தேதி, இன்னார், தோட்டத்தில் இன்ன பீல்டு (பகுதி), இத்தனை கிலோ. ஒரு ஆள், ஒரு நாள், ஒரு வரி. மாதம் முடியும்போது அந்தப் புத்தகத்தில் நூற்றுக்கணக்கான வரிகள் சேர்ந்திருக்கும்.

மானேஜர் வந்து, "எந்த பீல்டில் பால் அதிகம்?" என்று கேட்டால், கிராணி பீல்டு வாரியாக வரிகளைப் பிரித்துக் கிலோவைக் கூட்டிச் சொல்வார். "யார் அதிகம் கொண்டுவந்தது?" என்று கேட்டால், அதே வரிகளை ஆள் வாரியாகப் பிரித்துத் திரும்பக் கூட்டுவார். புத்தகம் ஒன்றுதான். பிரிக்கிற விதம் மாறினால் பதில் மாறுகிறது. "ஒரு நாளைக்குச் சராசரி எவ்வளவு?" என்று கேட்டால் பிரிப்பது அப்படியே இருக்கும், கூட்டலுக்குப் பிறகு ஒரு வகுத்தல் சேரும்.

படம் போடும் மென்பொருளும் இதையேதான் செய்கிறது. கிராணிக்கு அரை நாள் பிடித்த வேலை அதற்குக் கண் சிமிட்டும் நேரம். ஆனால் மானேஜர் தெளிவாகக் கேட்டாரா என்று யோசித்துப் பார்க்கும் பழக்கம் கிராணிக்கு உண்டு, மென்பொருளுக்கு இல்லை.

இழுத்துப் போட்டதும் உள்ளே நடப்பது

நம் கடையின் பில் கணினியிலிருந்து எடுத்த அட்டவணையில் இந்த நெடுவரிசைகள் இருக்கின்றன: தேதி, பில் எண், கிளை, சரக்கு வகை, சரக்கின் பெயர், எண்ணிக்கை, தொகை. மென்பொருளில் திறந்தவுடன் அது இவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது.

எதை வைத்துப் பிரிக்கலாமோ அது 'டைமென்ஷன்'. கிளை, சரக்கு வகை, தேதி ஆகியவை இந்தப் பக்கம். எதைக் கூட்டவோ சராசரி எடுக்கவோ முடியுமோ அது 'மெஷர்'. எண்ணிக்கை, தொகை ஆகியவை அந்தப் பக்கம். இனி இவற்றை வகை என்றும் அளவு என்றும் சொல்கிறேன்.

டாப்லோவில் சரக்கு வகையை இழுத்து ஒரு பக்கமும் தொகையை இழுத்து இன்னொரு பக்கமும் போட்டால் உடனே பட்டைகள் வரும். அந்த நொடியில் மூன்று வேலை நடந்துவிடுகிறது. முதலில் எல்லா வரிகளையும் சரக்கு வகைப்படி கட்டுக்கட்டாகப் பிரிக்கிறது. அடுத்து ஒவ்வொரு கட்டிலும் இருக்கும் தொகைகளைச் சேர்த்து ஒரே எண்ணாக்குகிறது. கடைசியில்தான் அந்த எண்ணுக்கு ஏற்ற நீளத்தில் பட்டை வரைகிறது. நடுவில் இருக்கும் வேலைக்குத் திரட்டல் என்று பெயர்: பல வரிகளை ஒரு எண்ணாகச் சுருக்குவது. கூட்டல், சராசரி, எண்ணிக்கை, நடு மதிப்பு, மிகப் பெரியது, மிகச் சிறியது எல்லாம் திரட்டலின் வகைகள்.

நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் அது கூட்டும். டாப்லோவில் அளவின் பெயருக்கு முன்னால் 'சம்' என்று தெரிவதும், பவர் பிஐயில் எண் நெடுவரிசைக்குப் பக்கத்தில் ஒரு சிக்மா குறி (Σ) நிற்பதும் அதற்குத்தான். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. என்னைக் கேட்டால் படத்தின் நிறத்தையும் தலைப்பையும் பார்க்கும் முன் அந்தச் சின்ன எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதுவரை: ஒப்பீட்டுப் படம் என்பது வகைப்படி பிரித்து, அளவைத் திரட்டி, பிறகு வரைவது. படம் தப்பாகத் தோன்றினால் பெரும்பாலும் கோளாறு முதல் இரண்டு படிகளில் இருக்கும்.

ஒரு வரி என்றால் என்ன?

படத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. நம் அட்டவணையில் ஒரு வரி என்பது ஒரு வாடிக்கையாளரா, ஒரு பில்லா, பில்லில் உள்ள ஒரு சரக்கா?

பெரும்பாலான பில் கணினிகளில் அது ஒரு சரக்கு. ஒரு அம்மா வந்து அரிசி, சீனி, மைலோ, சோப்பு, ஊதுபத்தி வாங்கினால் ஐந்து வரி. ஐந்து வரியிலும் ஒரே பில் எண். இப்போது "எந்தக் கிளைக்கு அதிகம் பேர் வந்தார்கள்?" என்று கேட்டு வரிகளை எண்ணினால், அந்த ஒரு அம்மா ஐந்து பேராகிவிடுவார். தோட்டத்துக் கிளையில் ஆட்கள் மாதச் சாமான் மொத்தமாக வாங்குவதால் ஒரு பில்லுக்கு வரி அதிகம் விழும். பட்டணத்தில் ஒரு ரொட்டி, ஒரு பாட்டில் தண்ணீர் என்று வாங்கிப் போகிறவர்கள் அதிகம். வரியை எண்ணினால் தோட்டத்துக் கிளையில் கூட்டம் அலைமோதுவதுபோல் தெரியும்.

இதற்கு மருந்து, பில் எண்களைத் திரும்பத் திரும்ப எண்ணாமல் ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் எண்ணுவது. 'கவுண்ட் டிஸ்டிங்க்ட்' என்று மென்பொருளில் இருக்கும். தொகையைக் கூட்டும்போது இந்தப் பிரச்சினை வராது, எண்ணும்போதுதான் வரும்.

அடுத்த தொல்லை எழுத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கடையில் சரக்கைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் ஒருவர் அல்ல. ஒருவர் 'பெராஸ்' என்று மலாயில் போட்டிருப்பார், இன்னொருவர் 'ரைஸ்' என்று, மூன்றாமவர் 'அரிசி' என்று. நமக்கு மூன்றும் ஒன்று. மென்பொருளுக்கு எழுத்து மாறினால் வகை மாறியது. மூன்று சின்னப் பட்டைகள் தனித்தனியே நிற்கும், அரிசி கீழே போய்விடும், பிஸ்கட் முதலிடத்துக்கு வந்துவிடும். சொல்லுக்குப் பின்னால் தெரியாமல் விழுந்த ஒரு வெற்றிடம்கூட சில நேரம் புது வகையை உண்டாக்கும். டாப்லோவில் இவற்றைத் தேர்ந்து 'குரூப்' செய்யலாம், பவர் பிஐயில் மதிப்பை மாற்றி எழுதலாம். ஆனால் ஏற்றும்போதே ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு.

எண்ணாகத் தெரியும் எல்லாம் அளவும் அல்ல. சுங்கை சிப்புட்டின் அஞ்சல் குறியீடு 31100. வாடிக்கையாளர் முகவரி நெடுவரிசையில் அது இருந்தால், மென்பொருள் அதையும் எண் என்று நினைத்துக் கூட்டத் தயாராக நிற்கும். பத்துப் பேருடைய குறியீட்டைக் கூட்டினால் 3,11,000. அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. கிளை எண், பில் எண், ஆண்டு எல்லாம் இப்படித்தான். இவற்றை வகையாக மாற்றிவிடுங்கள்.

அப்புறம் அட்டவணைக்குள் வராத வரிகள். கடன் சரக்கு இன்னும் பல கடைகளில் 555 நோட்டுப் புத்தகத்தில்தான் ஏறுகிறது. தோட்டத்துக் கிளையில் அது கொஞ்சநஞ்சம் அல்ல. சம்பளம் வந்து கடனை அடைக்கும் அன்றுதான் அந்தத் தொகை கல்லாவுக்கு வருகிறது, அதுவும் எந்தச் சரக்கு என்ற விவரமே இல்லாமல். எவ்வளவு நல்ல மென்பொருளாக இருந்தாலும் நோட்டில் இருப்பதை அது அறியாது. தோட்டத்துக் கிளையின் பட்டை குட்டையாகத் தெரிந்தால், வியாபாரம் குறைவு என்று முடிவு கட்டும் முன் அந்த நோட்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கூட்டலா, சராசரியா, லாபமா?

நம் கற்பனைக் கடையின் ஒரு மாத விற்பனை இது, வெள்ளியில் (மலேசிய ரிங்கிட்):

அரிசி 18,400
பானங்கள் 12,600
பிஸ்கட், நொறுக்குத் தீனி 11,800
சமையல் எண்ணெய் 9,200
சோப்பு, சலவைப் பொருள் 8,000
மசாலா 7,100
பூஜைப் பொருள் 6,900

மொத்தம் 74,000. பட்டை வரைந்தால் அரிசி தலைதூக்கி நிற்கும், பூஜைப் பொருள் அடியில் கிடக்கும். அலமாரியில் இடம் போதவில்லை, எதைக் குறைக்கலாம் என்று யோசிக்கும் முதலாளியின் கை ஊதுபத்தி, கற்பூரம் பக்கம்தான் போகும்.

இப்போது அதே படத்தில் தொகையை எடுத்துவிட்டு லாபத்தைப் போடுவோம். அரிசியில் நூற்றுக்கு 5 வெள்ளி நிற்கிறது என்று வைத்தால் 920. எண்ணெயில் 4 என்றால் 368. மானிய எண்ணெய் ஒரு கிலோ பாக்கெட் 2 வெள்ளி 50 காசு என்று அரசாங்கமே விலை நிர்ணயித்திருக்கும்போது அதில் என்ன பெரிதாக நிற்கும்? பானங்களில் 10 என்றால் 1,260. சோப்பில் 15 என்றால் 1,200. மசாலாவில் 25 என்றால் 1,775. நொறுக்குத் தீனியில் 20 என்றால் 2,360. பூஜைப் பொருளில் 30 என்றால் 2,070.

வரிசை தலைகீழாகிவிட்டது. கடைசியில் இருந்த பூஜைப் பொருள் இரண்டாம் இடத்தில். முதலில் இருந்த அரிசி கடைசிக்கு முந்திய இடத்தில். இரண்டு படமும் சரி. இரண்டும் வேறு வேறு கேள்விக்கு வந்த பதில்கள். அதற்காக அரிசியை நிறுத்திவிடவும் முடியாது. அரிசி வாங்க வருகிறவர்தான் மசாலாவும் எடுத்துப் போகிறார், அது இந்த இரண்டு படத்திலும் தெரியாது.

சராசரியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. பட்டணக் கிளையில் 1,000 பில், ஒரு பில்லுக்குச் சராசரி 20 வெள்ளி. தோட்டத்துக் கிளையில் 200 பில், சராசரி 50 வெள்ளி. கடைக்கு மொத்தச் சராசரி என்ன? 20-ஐயும் 50-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 35 என்று சொல்பவர்கள் நிறைய. சரியான கணக்கு வேறு: பட்டணத்தில் 20,000 வெள்ளி, தோட்டத்தில் 10,000 வெள்ளி, ஆக 30,000. அதை 1,200 பில்லால் வகுத்தால் 25 வெள்ளி. ஒரு பில்லுக்குப் பத்து வெள்ளி வித்தியாசம்!

மென்பொருளில் இந்தத் தப்பு எப்போது நடக்கும் என்றால், ஏற்கெனவே சராசரி எடுத்து வைத்த அட்டவணையைக் கொடுக்கும்போது. கிளைக்கு ஒரு வரி, அதில் சராசரி என்று கொடுத்தால் அது அந்த இரண்டு எண்களுக்குத்தான் சராசரி எடுக்கும், எத்தனை பில் என்று அதற்குத் தெரியாது. அதனால் முடிந்தவரை திரட்டாத, பில் வரியிலான அட்டவணையையே கொடுங்கள். சுருக்குவதை அது பார்த்துக்கொள்ளும். சராசரிக்கும் இது பொருந்தும், விழுக்காட்டுக்கும் பொருந்தும்.

சுருக்கமாக: வகை அதே, வரிகள் அதே, திரட்டும் விதமும் திரட்டப்படும் அளவும் மாறினால் முதலிடமும் கடைசி இடமும் மாறும். படத்தின் தலைப்பில் 'விற்பனை' என்று மட்டும் போடாமல் 'மொத்த விற்பனை, வெள்ளியில்' அல்லது 'ஒரு பில்லுக்குச் சராசரி' என்று முழுதாக எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

கண் எதை நன்றாக அளக்கும்?

எண் தயார். இனி வரைவது.

பட்டை வரைபடத்துக்கு வயது இருநூறுக்கும் மேல். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட நூலில், ஸ்காட்லாந்து 17 இடங்களோடு ஓராண்டில் செய்த ஏற்றுமதி, இறக்குமதியைப் பட்டைகளாக வரைந்தார். மற்ற நாடுகளுக்கு ஆண்டுதோறும் கணக்கு இருந்ததால் கோடு வரைந்தார். ஸ்காட்லாந்துக்கு ஓராண்டுக் கணக்குதான் கையில் இருந்தது, கோடு வரைய வழியில்லை, அதனால் பட்டை. வேறு வழி இல்லாமல் வந்த படம்தான் இன்று எல்லாக் கடையிலும் இருக்கிறது. வட்டத்தைத் துண்டு போடும் படத்தையும் 1801-இல் அவரே வெளியிட்டார்.

பட்டை ஏன் நிலைத்தது என்பதற்குச் சோதனையே நடந்திருக்கிறது. 1984-இல் வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெகில் என்ற இரு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள், படத்தில் உள்ள அளவை மனிதர்கள் எவ்வளவு துல்லியமாகக் கணிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் உயரங்களை ஒப்பிடுவதில் கண் தேர்ந்தது. அடிக்கோடு பொதுவாக இல்லாத வெறும் நீளத்தில் துல்லியம் குறைகிறது. கோணம், பரப்பு என்று போகப் போக இன்னும் மோசம்.

நம் கணக்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். மசாலா 7,100, பூஜைப் பொருள் 6,900. வட்டமாக வரைந்தால் இரண்டு துண்டுகளின் கோணத்துக்கும் வித்தியாசம் ஒரு பாகைகூட இல்லை. எந்தக் கண் அதைப் பிடிக்கும்? பக்கத்தில் எண்ணை எழுதினால்தான் தெரியும், எண்ணைப் படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் வட்டம் எதற்கு? பட்டையில் அடுத்தடுத்து வைத்தால் எது ஒரு மயிரிழை நீளம் என்பது தெரிந்துவிடும். இரண்டே பகுதி இருந்து, ஒன்று முக்கால், மற்றது கால் என்று காட்டினால் போதும் என்கிற இடத்தில் வட்டம் சரி. ஏழு வகைக்கு வேண்டாம். அதைச் சாய்த்து, தடிமன் கொடுத்து, முப்பரிமாணம் என்று போடுவார்களே, அதில் முன்னால் இருக்கும் துண்டு எப்போதும் பெரிதாகத் தெரியும். கடைத்தெரு பேனருக்கு அழகு, கணக்குக்கு ஆகாது.

கோடு வேண்டாமா? தேதியை இழுத்துப் போட்டால் டாப்லோ தானாகவே கோடு வரையும், சரக்கு வகையைப் போட்டால் பட்டை வரையும். காரணம் இருக்கிறது. ஜனவரிக்குப் பின் பிப்ரவரி, அதற்குப் பின் மார்ச் என்று காலத்துக்கு ஓட்டம் உண்டு, கோடு அந்த ஓட்டத்தைக் காட்டுகிறது. அரிசிக்கும் சோப்புக்கும் நடுவே என்ன ஓட்டம்? இரண்டையும் கோட்டால் இணைத்தால் அரிசி சரிந்து சோப்பு ஆனதுபோல் இருக்கும்.

பட்டையிலும் ஏமாற இடம் உண்டு. முக்கியமானது அடிக்கோடு. அச்சு என்பது அளவைக் குறிக்கும் ஓரக்கோடு. பட்டையின் பேச்சு அதன் நீளத்தில்தான் இருப்பதால் அச்சு பூஜ்யத்தில் தொடங்கியே ஆக வேண்டும். ஒரு கிளை 20,000, இன்னொன்று 19,000 விற்றது என்போம். அச்சை 18,500-இல் தொடங்கினால் ஒரு பட்டை 1,500 அளவும் மற்றது 500 அளவும் தெரியும். மூன்று மடங்கு! உண்மையில் வித்தியாசம் நூற்றுக்கு 5தான். பட்டை வரையும்போது பெரும்பாலான மென்பொருள் தானாகப் பூஜ்யத்தில் தொடங்கும், யாராவது கைவைத்து மாற்றியிருந்தால்தான் சிக்கல். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் இதை முதலில் பாருங்கள்.

வரிசை அடுத்தது. பெரியதிலிருந்து சிறியதற்கு அடுக்கினால் கண்ணுக்கு வேலை குறையும். ஆனால் இயற்கையாகவே வரிசை உள்ள வகைகளைக் கலைக்கக் கூடாது. 5 கிலோ, 10 கிலோ மூட்டை அதே வரிசையில் இருக்கட்டும், திங்கள் முதல் ஞாயிறு வரையும் அப்படியே. மாதப் பெயரை வெறும் எழுத்தாக ஏற்றியிருந்தால் பவர் பிஐ அகரவரிசையில் அடுக்கி ஏப்ரலை முதலிலும் ஆகஸ்ட்டை அடுத்தும் வைத்துவிடும். மாத எண்ணுள்ள இன்னொரு நெடுவரிசையைக் காட்டி அதன்படி அடுக்கச் சொன்னால் சரியாகும்.

சரக்குப் பெயர் நீளமாக இருந்தால் பட்டையைப் படுக்கப் போடுங்கள். கழுத்தைச் சாய்த்துப் படிக்க வேண்டியிருக்காது.

இரண்டு வகையை ஒரே நேரத்தில் ஒப்பிடும்போது, அதாவது சரக்கு வாரியாகவும் கிளை வாரியாகவும் பார்க்கும்போது, பலர் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய பட்டையைத் தேர்கிறார்கள். அதில் அடியில் இருக்கும் துண்டுக்கு மட்டும்தான் பொது அடிக்கோடு. நடுவில் இருக்கும் மசாலாத் துண்டு ஒரு கிளையில் ஓர் உயரத்திலும் இன்னொரு கிளையில் வேறு உயரத்திலும் தொங்கும், எது நீளம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. மொத்தம் எவ்வளவு என்பதே கேள்வி என்றால் அடுக்கு நல்லது. கிளைக்குக் கிளை மசாலா எப்படி என்பது கேள்வி என்றால், கிளைக்கு ஒரு சின்னப் படம், எல்லாம் ஒரே அளவுகோலில், பக்கம் பக்கமாக. டாப்லோவில் கிளையை இன்னொரு வகையாக இழுத்துவிட்டாலே அப்படிப் பிரிந்துகொள்ளும். பவர் பிஐயிலும் அதற்குத் தனி வசதி இருக்கிறது.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு பட்டைக்கு ஏழு நிறம் வேண்டாம், பெயர்தான் பக்கத்தில் இருக்கிறதே. எல்லாம் சாம்பல், பேச வந்த ஒன்றுக்கு மட்டும் நிறம்.

தீபாவளி நகர்ந்தால் பட்டையும் நகரும்

எண் சரி, படம் சரி. ஆனாலும் ஒப்பீடு தவறாகப் போகலாம். ஒப்பிடுகிற இரண்டும் சமமான தளத்தில் நிற்க வேண்டும்.

நம் கடையில் பூஜைப் பொருளும் மசாலாவும் தீபாவளியை ஒட்டித்தான் கிளம்பும். தீபாவளி 2023-இல் நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. அக்டோபர் என்ற வகையை எடுத்து ஆண்டுக்கு ஆண்டு பட்டை வரைந்தால் 2023 அக்டோபர் குட்டையாகவும் 2024 அக்டோபர் உயரமாகவும் நிற்கும். முதலாளி சந்தோஷப்பட்டு இருமடங்கு சரக்கு இறக்குவார். வியாபாரம் வளரவில்லை, பண்டிகை இடம் மாறியது, அவ்வளவுதான். தைப்பூசமும் ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் நடுவே இப்படி ஆடும்.

இதற்கு மென்பொருளில் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர்த்து, தீபாவளிக்கு முந்திய 30 நாளில் வந்த வரிகளுக்கு 'பண்டிகைக் காலம்' என்றும் மற்றவற்றுக்குச் 'சாதாரண நாள்' என்றும் குறித்துவிடுங்கள். பிறகு பண்டிகைக் காலத்தைப் பண்டிகைக் காலத்தோடு ஒப்பிடலாம். தேவையான வகை அட்டவணையில் இல்லாவிட்டால் நாமே உண்டாக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. எனக்கு இந்த மென்பொருள்களில் மிகப் பிடித்த விஷயம் அதுதான்.

சம்பள நாளும் அப்படித்தான். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கைக்கு வந்துவிட வேண்டும். ஆகவே தோட்டத்துக் கிளைக்கு மாதத்தின் முதல் பத்து நாள் ஒரு கடை, கடைசிப் பத்து நாள் வேறு கடை. ஒரு கிளையின் முதல் வாரத்தை எடுத்து மற்றக் கிளையின் கடைசி வாரத்தோடு வைக்கக் கூடாது. ஒரு கிளை பத்து நாள் பழுதுபார்க்க மூடியிருந்தால் மொத்தத்தைத் திறந்திருந்த நாளால் வகுத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒப்பிட வேண்டும்.

பட்டையைத் திறந்து பார்ப்பது

எந்தப் படமானாலும் நம்பும் முன் ஒரு பட்டையைத் திறந்து பார்க்கலாம். எக்செல் பிவட் டேபிளில் ஒரு எண்ணின்மேல் இருமுறை கிளிக் செய்தால் அந்த எண்ணைத் தந்த வரிகள் எல்லாம் புதிய தாளில் கொட்டும். டாப்லோவில் பட்டையைத் தேர்ந்து 'வியூ டேட்டா' என்று கேட்டால் உள்ளே இருக்கும் வரிகள் வரும். பவர் பிஐயிலும் அந்தப் புள்ளிக்குரிய பதிவுகளைக் கேட்டு வாங்கலாம்.

எல்லாவற்றையும் சோதிக்க வேண்டாம். இருப்பதிலேயே சின்ன பட்டையைத் திறங்கள், வரிகள் குறைவாக இருக்கும். அதில் ஒரே பில் இரண்டு முறை வந்திருக்கிறதா, வேறு வகைச் சரக்கு உள்ளே புகுந்திருக்கிறதா, மைனஸ் தொகையில் திருப்பிக் கொடுத்த சரக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஏதாவது ஒரு நாளை எடுத்து, அந்த நாளின் கல்லாக் கணக்கோடு மென்பொருளின் மொத்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் மற்ற நாளும் பெரும்பாலும் ஒட்டும். ஒட்டாவிட்டால் படத்தை மூடிவிட்டு அட்டவணைக்குப் போங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எக்செல்லிலேயே தொடங்கலாம், பெரும்பாலான கடைகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் கணினி இருந்தால் பவர் பிஐ டெஸ்க்டாப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். டாப்லோ பப்ளிக்கும் இலவசம்தான், ஆனால் அதில் ஏற்றி வெளியிடும் படம் யார் கண்ணிலும் படும், பழகிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடையின் லாபக் கணக்கை அதில் ஏற்றினால் எதிர்க்கடைக்காரரும் பார்ப்பார்.